மாக்பெத் ஏன் திடுக்கிட்டான்? பழியை மனைவி மேல் போடுபவர்கள் பதில் சொல்லட்டும்

கோட்டைவாசல்:
ஷேக்ஸ்பியர் பற்றிய இன்னொரு இழையில், அரசன் டங்கனைக் கொன்று முடியைப் பறிக்கும் தளபதி மாக்பெத்தின் நாடகத்தைப் பற்றி வெண்கலமணி எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "மாக்பெத் அடிப்படையில் நல்லவன். சூனியக்காரிகள் ஆசை காட்டினார்கள், மனைவி தூபம் போட்டாள், அவன் பலியானான்." இவ்வளவுதான் அவர் தீர்ப்பு. அதற்கு ஆமாம் போட ஒரு கூட்டம் வேறு.

முதல் அங்கம் மூன்றாம் காட்சியைப் படித்தீர்களா இல்லையா? போரில் ஜெயித்துவிட்டு மாக்பெத்தும் சக தளபதி பாங்க்வோவும் வருகிறார்கள். கிளாமிஸ் பிரபுவே, காடோர் பிரபுவே, பின்னால் அரசனாகப் போகிறவனே என்று சூனியக்காரிகள் வாழ்த்துகிறார்கள். உடனே பாங்க்வோ கேட்கிறான்: இவ்வளவு நல்ல சேதியைக் கேட்டு ஏன் திடுக்கிடுகிறாய்? பயந்தவன் போல ஏன் நிற்கிறாய்?

நல்ல சேதிக்கு எவனாவது திடுக்கிடுவானா? தனக்குள் பூட்டி வைத்திருந்ததை அடுத்தவர் வாயிலிருந்து கேட்டால்தான் திடுக்கிடுவான். அந்த ஆசை அவனுக்குள் முன்பே இருந்தது. இதற்குப் பதில் சொல்லிவிட்டு அப்புறம் மனைவியைப் பற்றிப் பேசுங்கள்.

வெண்கலமணி:
என் பெயரைச் சொல்லித் தனி இழையே திறந்துவிட்டீர்கள், சந்தோஷம். வெட்டவெளியில் தாடி வைத்த மூன்று பெண்கள் எதிரே வந்து நின்று உன்னை அரசன் என்றால் யார்தான் திடுக்கிடமாட்டார்கள்? டங்கன் உயிரோடு இருக்கிறான், அவனுக்கு இரண்டு மகன்கள் இருக்கிறார்கள். அப்படியிருக்கும்போது "நீ அரசனாவாய்" என்பதைக் காதால் கேட்பதே ராஜத்துரோகம். விசுவாசமான தளபதி அதைக் கேட்டுத் திடுக்கிடத்தான் செய்வான். திடுக்கிட்டது அவனுடைய நேர்மைக்கு அடையாளம்.

கோட்டைவாசல்:
நேர்மையா? அதே காட்சியில் பாங்க்வோவுக்கும் சேதி சொல்கிறார்களே, உன் சந்ததி அரசாளும் என்று. அவன் திடுக்கிடவில்லையே. அதுவும் ராஜத்துரோகம்தானே?

நீங்கள் வசதியாகத் தாண்டிப்போன இடம் ஒன்று இருக்கிறது. காடோர் பட்டம் கிடைத்துவிட்டது என்று அரசன் அனுப்பிய ராஸ் வந்து சொன்னதும் மாக்பெத் தனக்குள் பேசுகிறான். ஒரு கொலை அவன் எண்ணத்தில் வருகிறது. மயிர்க்கூச்செறிகிறது, நெஞ்சு விலா எலும்பில் மோதுகிறது. சூனியக்காரிகள் "கொல்" என்று சொன்னார்களா? ஒரு வார்த்தை சொல்லவில்லை. மனைவி அந்தக் காட்சியிலேயே இல்லை. கொலை எங்கிருந்து வந்தது, வெண்கலமணி சார்?

மூன்றாம்மணி:
முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளலாமே. துன்பியல் நாயகன் என்று யாரைச் சொல்கிறோம்? அரிஸ்டாட்டில் கணக்குப்படி முழு நல்லவனும் ஆகாது, முழுக் கெட்டவனும் ஆகாது. நடுவில் நிற்பவன் ஒரு தவறால் விழ வேண்டும். இதை ஒப்புக்கொண்டால் இரண்டு பேர் பேச்சுமே...

வெண்கலமணி:
அரிஸ்டாட்டிலை அப்புறம் பார்க்கலாம். கோட்டைவாசல் சார், அதே தனிப்பேச்சின் முடிவில் மாக்பெத் என்ன சொல்கிறான்? விதி என்னை அரசனாக்க நினைத்தால் நான் அசையாமலேயே முடிசூட்டட்டும் என்கிறான். விட்டுவிட்டானே! அதை ஏன் மறைத்தீர்கள்?

கோட்டைவாசல்:
ஒன்றையும் மறைக்கவில்லை. அடுத்த காட்சியிலேயே டங்கன் தன் மூத்த மகன் மால்கமைக் கம்பர்லேண்டு இளவரசன், அதாவது அடுத்த வாரிசு, என்று அறிவிக்கிறான். இனி விதி தானாக முடிசூட்டாது என்பது தெரிந்துபோகிறது. உடனே இவன் என்ன சொல்கிறான்? இந்தப் படியில் தடுக்கி விழவேண்டும், இல்லையென்றால் தாண்டிக் குதிக்கவேண்டும். நட்சத்திரங்களே, உங்கள் வெளிச்சத்தை மறையுங்கள், என் கறுத்த ஆசைகளை யாரும் பார்க்கக் கூடாது. இதையெல்லாம் சொல்லும்போது அவன் இன்னும் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மனைவி முகத்தைப் பார்க்கவில்லை. தூபம் போட்டாளாம்!

மேடைக்கிளி:
லேடி மாக்பெத் வேடம் கட்டியவள் நான், அதனால் வருகிறேன். எல்லாரும் விடுகிற ஒரு வரி உண்டு. முதல் அங்கம் ஏழாம் காட்சியில் அவன் "இந்த விஷயத்தை இதோடு நிறுத்திவிடுவோம்" என்கிறான். அவள் திருப்பிக் கேட்கிறாள்: அப்படியானால் இந்த யோசனையை என்னிடம் சொல்ல வைத்தது எந்த மிருகம்? அன்றைக்கு நேரமும் கூடி வரவில்லை, இடமும் கூடி வரவில்லை, ஆனாலும் இரண்டையும் உண்டாக்குவேன் என்றாயே. இதுதான் அவள் குற்றச்சாட்டு.

அரசன் இன்வர்னெஸ்ஸில் உள்ள மாக்பெத் கோட்டைக்கு வரப்போகிறான் என்று தெரிந்த பிறகு சொன்ன யோசனையாக இது இருக்க முடியாது. வந்த பிறகு நேரமும் இடமும் தானாகக் கூடிவிட்டனவே. சூனியக்காரிகள் சொன்னதைப் பற்றி அவளுக்கு அவன் எழுதிய கடிதத்திலும் கொலையைப் பற்றிப் பேச்சில்லை. அப்படியானால் கடிதத்துக்கும் முன்னால், எப்போதோ பேசியிருக்கிறான். அந்த வசனத்தைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வராது, ஏமாந்துபோன உணர்வுதான் வரும்.

வெண்கலமணி:
அது அவள் அவனை மடக்கச் சொல்லும் பொய். கோழை என்கிறாள், ஆண்பிள்ளையா என்கிறாள், பாலூட்டும் குழந்தையின் மண்டையை உடைத்திருப்பேன் என்கிறாள். இப்படிப் பேசுகிறவள் சாட்சியா? அவன் சுபாவத்தில் இரக்கம் அதிகம் என்று அவளே பயப்படுகிறாள், அது மட்டும் உங்கள் காதில் விழாது. நம் கம்பனைப் பாருங்கள். கூனி வந்து ஓதியதால்தானே கைகேயி கெட்டாள்? அதே கதைதான் இது.

கோட்டைவாசல்:
கைகேயியை இழுத்தது நல்லதாகப் போயிற்று. இராமனுக்கு முடிசூட்டப் போகிறார்கள் என்று கூனி சொன்னதும் கைகேயி என்ன செய்தாள்? மகிழ்ந்துபோய் மாலையைப் பரிசாகக் கொடுத்தாள். பிறகு கூனி பேசிப் பேசித்தான் அவள் தூய சிந்தை திரிந்தது. அது வெளியிலிருந்து ஏறிய விஷம். சேதி கேட்டதும் மகிழ்ந்தாள், கவனியுங்கள். இவனோ சேதி கேட்டதும் திடுக்கிட்டான். மாலை கொடுத்தவளும் திடுக்கிட்டவனும் ஒன்றா? நீங்கள் சொன்ன உதாரணமே உங்களுக்கு எதிராக நிற்கிறது.

ஏட்டுச்சுவடி:
நிஜ மாக்பெத் 1040 முதல் 1057 வரை ஸ்காட்லாந்தை ஆண்டவன் என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? டங்கன் படுக்கையில் குத்துப்பட்டுச் சாகவில்லை, 1040இல் போரில் செத்தான். கிழவனும் இல்லை. அந்தக் காலத்து ஸ்காட்லாந்தில் மூத்த மகனுக்கே முடி என்ற வழக்கமும் உறுதியாக இல்லை, ராஜ குடும்பத்தின் இன்னொரு கிளையிலிருந்து ஒருவன் உரிமை கோரலாம். 1050இல் மாக்பெத் ரோமுக்கு யாத்திரை போய் ஏழைகளுக்குப் பணத்தை வாரி இறைத்தான் என்று பதிவு இருக்கிறது. நாடு கலகத்தில் இருந்தால் அரசன் ரோமுக்குப் போவானா? பாங்க்வோ என்று ஒருவன் வரலாற்றிலேயே கிடையாது. இல்லாத ஆள் கேட்ட கேள்வியை வைத்துக்கொண்டு இவ்வளவு சண்டை!

கோட்டைவாசல்:
வந்துவிட்டார். மூன்றாம் ரிச்சர்டு நாடகம் பற்றிப் பேசியபோதும் இதையேதான் செய்தார். நாங்கள் ரிச்சர்டின் முதல் பேச்சை அலசிக்கொண்டிருந்தோம், இவர் 2012இல் லெஸ்டரில் தோண்டியெடுத்த நிஜ ரிச்சர்டின் எலும்புக்கூட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். ஏட்டுச்சுவடி, இங்கே பேசுவது நாடகம். நாடகத்தில் பாங்க்வோ இருக்கிறான், கேட்கிறான், மாக்பெத் திடுக்கிடுகிறான்.

ஏட்டுச்சுவடி:
நாடகத்துக்கு மூலம் ஹாலின்ஷெட் எழுதிய வரலாறு. அதில் டங்கன் கொலைக்குப் பாங்க்வோவும் உடந்தை. 1603இல் இங்கிலாந்துக்கு அரசனான ஜேம்ஸ், தான் பாங்க்வோவின் வம்சம் என்று சொல்லிக்கொண்டதால் ஷேக்ஸ்பியர் பாங்க்வோவைக் கழுவிச் சுத்தம் செய்து நிறுத்தினார். நீங்கள் சாட்சிக் கூண்டில் ஏற்றும் ஆள் அரசனுக்காகத் தயாரிக்கப்பட்ட ஆள். எலும்புக்கூடு விஷயத்தில் நான் சொன்னதற்கு இன்றுவரை நீங்கள் பதில் சொல்லவில்லை என்பதும் இங்கே பதிவாகட்டும்.

கோட்டைவாசல்:
நீங்களே என் பக்கம் வாதாடுகிறீர்கள். மூலத்தில் கூட்டாளி இருந்தான், ஷேக்ஸ்பியர் எடுத்துவிட்டார். மூலத்தில் மாக்பெத்துக்குச் சட்டப்படி ஒரு மனக்குறை இருந்தது, மால்கமை முன்னிறுத்தியதால் தன் உரிமை போகிறது என்று. அதையும் நாடகத்தில் பேசவிடவில்லை. டங்கனை நல்ல அரசனாக்கினார். சாக்கு ஒவ்வொன்றையும் பிடுங்கிவிட்டுக் கடைசியில் மாக்பெத் வாயாலேயே சொல்ல வைத்தார்: நான் அவனுக்கு உறவினன், குடிமகன், விருந்து கொடுப்பவன், கதவைச் சாத்திக் காக்க வேண்டியவன். என்னைக் குத்தி ஓட்ட வேறு முள் இல்லை, எகிறிக் குதித்து அந்தப் பக்கம் விழும் பேராசை மட்டும்தான் இருக்கிறது. குற்றவாளியே வாக்குமூலம் கொடுத்துவிட்டான், வக்கீல்கள் மட்டும் இன்னும் மனைவியைத் தேடுகிறார்கள்.

வெண்கலமணி:
அந்த வாக்குமூலத்தின் முடிவில்தானே "வேண்டாம், நிறுத்துவோம்" என்கிறான்? யார் மறுபடி தள்ளியது? அவள்! சரி, முதல் கொலையை விடுங்கள். பாங்க்வோ கொலை பேராசையா? முடி ஏற்கெனவே தலையில் இருக்கிறது. அது பயம். தூக்கம் போனவன், ராத்திரியெல்லாம் தேள் கடித்த மனசோடு கிடப்பவன், பயத்தில் செய்தது. அவனை அழித்தது பயம். பேராசை பேராசை என்று ஒரே பாட்டைப் பாடாதீர்கள்.

கோட்டைவாசல்:
பயமா? மூன்றாம் அங்கத்தில் அவனே என்ன சொல்கிறான்? என் தலையில் பலனில்லாத கிரீடத்தை வைத்தார்கள், கையில் மலட்டுச் செங்கோலைக் கொடுத்தார்கள், பாங்க்வோ பிள்ளைகளுக்காகவா என் ஆத்மாவை விற்றேன் என்று பொருமுகிறான். தான் செத்த பிறகும் சிம்மாசனம் தன் ரத்தத்துக்கே வேண்டுமாம். பயந்தவன் தன் உயிரைக் காக்கப் பார்ப்பான். இவன் பிறக்காத வாரிசுக்காகப் பாங்க்வோவையும் அவன் பையன் ஃப்ளீன்ஸையும் சேர்த்துக் கொல்ல ஆள் அனுப்புகிறான்.

அதை மனைவியிடம் சொன்னானா? இல்லை. உனக்குத் தெரிய வேண்டாம், முடிந்ததும் பாராட்டு என்கிறான். எதிரியாகிவிட்ட பிரபு மாக்டஃபின் மனைவியையும் குழந்தைகளையும் வெட்டச் சொன்னது யார்? மாக்டஃபிடம் ஜாக்கிரதை என்றுதான் சூனியக்காரிகள் வரவழைத்த ஆவி சொன்னது, குழந்தைகளைப் பற்றி ஒரு பேச்சில்லை. அப்போது உங்கள் தூபம் போடும் பெண் எங்கே? தனியாகக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு தூக்கத்தில் நடக்கிறாள். யாரும் தள்ளாமலே ஓடுகிறவனைப் பார்த்து யார் தள்ளியது என்று கேட்கிறீர்கள்.

மேடைக்கிளி:
இதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன், கோட்டைவாசல். அவள் பக்கம் பேசுவது போலப் பேசி அவளையும் சும்மா ஒரு சாட்சியாக்கிவிட்டீர்கள். அவளுக்கும் பேராசை உண்டு, அவனைவிட வேகமாகவே உண்டு. ஆனால் தூங்கும் டங்கன் தன் அப்பா சாயலில் இருந்தான், இல்லாவிட்டால் நானே முடித்திருப்பேன் என்கிறாள். குத்த முடியாமல் நின்ற கை அது. அவன் கத்திகளோடு திரும்பி வந்ததும் அவற்றைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போகிற கையும் அதே கை. இந்த இரண்டும் ஒரே பெண்ணிடம் இருப்பதை மேடையில் செய்து காட்டுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? உங்கள் இரண்டு பேருக்கும் அவள் பேய், அல்லது பாவம். அவ்வளவுதான்.

மூன்றாம்மணி:
நான் ஆரம்பத்தில் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

கோட்டைவாசல்:
மேடைக்கிளி, நான் அவளைப் பாவம் என்று எங்கே சொன்னேன்? காட்டுங்கள். என் கேள்வி ஒன்றுதான்: அவன் ஏன் திடுக்கிட்டான்?

வெண்கலமணி:
பதில் சொல்லியாயிற்று. விசுவாசத்தால்.

கோட்டைவாசல்:
அந்த விசுவாசம் எத்தனை காட்சி தாங்கியது? இரண்டாம் அங்கம் இரண்டாம் காட்சியில் டங்கன் பிணம்.

ஏட்டுச்சுவடி:
பாங்க்வோ பேச்சு வந்ததால் ஒன்று. விருந்துக் காட்சியில் அவன் ஆவியை மேடையில் காட்டக் கூடாது, நாற்காலியைக் காலியாக விட வேண்டும் என்று சிலர் பிடிவாதம் பிடிக்கிறார்கள். 1623இல் அச்சான ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் தொகுப்பில் பாங்க்வோவின் ஆவி வந்து மாக்பெத் இடத்தில் உட்காருகிறது என்று மேடைக்குறிப்பே இருக்கிறது. ஷேக்ஸ்பியர் காலத்திலேயே குளோப் அரங்கில் நாடகத்தைப் பார்த்த சைமன் ஃபோர்மன் எழுதி வைத்த குறிப்பிலும் ஆவி நாற்காலியில் உட்காருகிறது.

மேடைக்கிளி:
அச்சில் இருந்தால் ஆயிற்றா? இரண்டாம் அங்கத்தில் கண்முன் ஆடும் கத்தியைக் காட்டுவதில்லை, காற்றைத்தான் பிடிக்கிறான், எல்லாரும் ஏற்றுக்கொள்கிறோம். விருந்தில் மட்டும் முகத்தில் ரத்தம் பூசி ஒருவரை உட்காரவைக்க வேண்டுமா? காலி நாற்காலியைப் பார்த்து அவன் கத்தினால்தான் விருந்தாளிகள் கண்ணால் நாமும் பார்ப்போம்.

கோட்டைவாசல்:
ஆவியைக் காட்டியே ஆக வேண்டும். காட்டாவிட்டால் அவனைப் பைத்தியம் என்று சொல்லித் தப்பிக்கவிடுவார்கள், வெண்கலமணிக்கு அதுவும் ஒரு சாக்காகிவிடும்.

வெண்கலமணி:
என்னை எதற்கு இதில் இழுக்கிறீர்கள்? ஆவி விஷயத்தில் நான் மேடைக்கிளி பக்கம்.

ஏட்டுச்சுவடி:
மேடைக்குறிப்பைப் படிக்கத் தெரியாதவர்கள் பக்கம் என்று சொல்லுங்கள்.

மேடைக்கிளி:
ஏட்டுச்சுவடி, நீங்கள் ஒரு முறையாவது ஒத்திகைக்கு வந்து அந்த நாற்காலிக்கு எதிரே நின்று வசனம் சொல்லிப் பாருங்கள், அப்புறம் குறிப்பைப் பற்றிப் பேசலாம்.