சிமுலேஷனில் ஓடும் பிக்கோஆர்வி32, போர்டில் ஏற்றியதும் நின்றுவிடுகிறது

கேள்வி:
வணக்கம். ஐஸ்40 யுபி5கே எஃப்பிஜிஏ (உள்சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்) உள்ள போர்டு ஒன்றில் பிக்கோஆர்வி32 என்ற சிறிய ரிஸ்க்-ஃபைவ் செயலிக் கோரை வைத்து, எல்இடியை விட்டுவிட்டு எரியவைக்கும் சிறிய சி நிரல் ஒன்றை ஓட்ட முயல்கிறேன். நிரல் சிப்பின் சிறு நினைவகக் கட்டங்களான பிளாக் ரேமில் இருக்கிறது; மாறிகளுக்கும் ஸ்டேக்கிற்கும் அதிலுள்ள பெரிய நினைவகமான எஸ்பிரேமை ஒதுக்கியிருக்கிறேன். கடிகாரம் 12 மெகாஹெர்ட்ஸ். ஐகாரஸ் என்ற சிமுலேட்டரில் சிமுலேஷன் குறையின்றி ஓடுகிறது. வடிவமைப்பைச் சுற்றாக மாற்றும் யோசிஸ், அதைச் சிப்பில் பொருத்தும் நெக்ஸ்ட்பிஎன்ஆர் இரண்டும் பிழையின்றி முடிகின்றன. ஆனால் போர்டில் எல்இடி எரிவதே இல்லை. கோர் பிழையில் நின்றதைக் காட்டும் அதன் டிராப் வெளியீட்டை இன்னொரு எல்இடியில் இணைத்துப் பார்த்தபோது, மின்சாரம் கொடுத்த உடனே அது எரிந்து அப்படியே நின்றது. இரண்டு இரவுகள் போய்விட்டன; எங்கே தேடுவது என்று தெரியவில்லை.

பதில் 1:
முதலில் கம்பைலருக்குக் கொடுத்த கட்டளைத் தொகுதியைப் பாருங்கள். பிக்கோஆர்வி32-இல் 16 பிட் சுருக்கக் கட்டளைகளும் பெருக்கல், வகுத்தல் கட்டளைகளும் இயல்பில் அணைக்கப்பட்டே இருக்கும். நீங்கள் இவை எல்லாம் அடங்கிய ஆர்வி32ஐஎம்சி என்று கொடுத்திருந்தால் அப்படிப்பட்ட முதல் கட்டளையிலேயே கோர் டிராப்பில் நின்றுவிடும். உங்கள் கோப்புகளை வெறும் ஆர்வி32ஐ என்று கம்பைல் செய்திருந்தாலும், லிங்க் ஆகும் லிப்ஜிசிசி (கம்பைலரின் துணை நூலகம்) வேறு வகையில் கட்டப்பட்டதாக இருக்கலாம். நிரலின் கட்டளைகளைப் பட்டியலிடும் ஆப்ஜ்டம்ப் வெளியீட்டில் நான்கு ஹெக்ஸ் இலக்கங்களே கொண்ட கட்டளை ஏதேனும் இருக்கிறதா?

கேட்டவர்:
பார்த்தேன். எல்லாமே எட்டு இலக்கங்கள்தாம். பெருக்கல் கட்டளை ஒன்றுகூட இல்லை.

பதில் 2:
கட்டளைத் தொகுதி காரணமாக இருந்தால் சிமுலேஷனிலேயே டிராப் வந்திருக்கும். அங்கு ஓடுவதும் இதே கோர்தானே. போர்டில் ரீசெட்டை எத்தனை கடிகாரத் துடிப்புகள் பிடித்து வைக்கிறீர்கள்?

கேட்டவர்:
நான்கு துடிப்புகள், ஒரு ஷிஃப்ட் ரெஜிஸ்டர் வைத்திருக்கிறேன்.

பதில் 2:
அப்படியானால் அதுவாகத்தான் இருக்கும். இந்த வகைச் சிப்பில் கான்ஃபிகரேஷன் (வடிவமைப்பு சிப்பில் ஏறுவது) முடிந்தபின் பிளாக் ரேமின் உள்ளடக்கம் வாசிப்பில் சரியாக வரச் சில மைக்ரோநொடிகள் ஆகின்றன. அதற்குள் வாசித்தால் சுழியம்தான் கிடைக்கும். 12 மெகாஹெர்ட்ஸில் நான்கு துடிப்புகள் என்பது ஒரு மைக்ரோநொடியில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. எல்லா பிட்டுகளும் சுழியமாக உள்ள கட்டளை செல்லாதது என்று ரிஸ்க்-ஃபைவ் வரையறையே சொல்கிறது. வெற்று நினைவகத்தில் தடம் மாறிப் போகும் கோர் உடனே சிக்க வேண்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு அது; உங்கள் டிராப் எல்இடி எரிவதும் அதனால்தான். ரீசெட்டை ஒரு பொத்தானோடும் இணைத்து, மின்சாரம் கொடுத்தபின் அழுத்திப் பாருங்கள். விட்டதும் நிரல் ஓடினால் ஐயமே வேண்டாம். பிறகு 6 பிட் எண்ணி (கவுண்டர்) ஒன்றை வைத்து, அது நிரம்பும் வரை கோரை ரீசெட்டிலேயே வைத்திருங்கள். ஏறக்குறைய 5 மைக்ரோநொடி கிடைக்கும்.

கேட்டவர்:
பொத்தானை அழுத்தி விட்டதும் ஓடியது. எண்ணியை வைத்தபின் பொத்தானே தேவைப்படவில்லை. மிக்க நன்றி. ஆனால் மின்சாரத்தை அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் எல்இடி வேறு வேறு வேகத்தில் மினுக்குகிறது. தாமதத்தின் அளவு, தொடக்க மதிப்பு கொடுக்கப்பட்ட ஒரு குளோபல் மாறியில் இருக்கிறது.

பதில் 2:
அந்த மாறி எஸ்பிரேமில் இருக்கிறது அல்லவா? யுபி5கேயில் 32 கிலோபைட் கொண்ட நான்கு எஸ்பிரேம் கட்டங்கள், ஆக 128 கிலோபைட் உண்டு. ஆனால் பிளாக் ரேமைப்போல அவற்றை பிட்ஸ்ட்ரீம் (சிப்பில் ஏற்றும் வடிவமைப்புக் கோப்பு) வழியாக நிரப்ப முடியாது. எனவே தொடக்க மதிப்புகள் பிளாக் ரேமில் ஏற்றப்பட்டு, ஓடும்போதைய முகவரி எஸ்பிரேமில் அமையுமாறு லிங்கர் ஸ்கிரிப்டை (எது எந்த முகவரியில் என்று சொல்லும் கோப்பு) மாற்றுங்கள். மெயினுக்குள் நுழையும் முன் தொடக்க அசெம்பிளி அவற்றை நகலெடுத்து, மதிப்புக் கொடுக்கப்படாத மாறிகளின் பகுதியைச் சுழியமாக்க வேண்டும். இது சிமுலேஷனில் எப்படித் தப்பியது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

கேட்டவர்:
தவறு என்னுடையது. எஸ்பிரேமுக்குப் பதிலாக, சிமுலேஷனை ஓட்டும் சோதனை நிரலான டெஸ்ட்பெஞ்சில் ஒரு சாதாரண அணியை எழுதி, சோம்பலால் அதையும் ஹெக்ஸ் கோப்பைக் கொண்டே நிரப்பியிருந்தேன். இப்போது அதில் குப்பை மதிப்புகளை வைத்து ஓட்டியதும் சிமுலேஷனும் போர்டைப் போலவே தடுமாறியது. நகலெடுக்கும் சுழற்சியைச் சேர்த்தபின் இரண்டும் ஒரே வேகத்தில் மினுக்குகின்றன.