ரேஞ்சர்களே கைவிட்ட 303-ஐ இன்னும் ஏன் சுமக்கிறீர்கள்?

டிக்காகாரன்:
புதிதாக லைசென்ஸ் எடுத்த பையன்களுக்குப் போன வாரம் இங்கே ஒருவர் உபதேசம் செய்திருந்தார்: "முதல் துப்பாக்கியாக லீ என்ஃபீல்ட் 303 (பழைய பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கி) வாங்குங்கள், மூஸ் என்கிற பெரிய மான் வேட்டைக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டாம்." படித்ததும் எரிச்சல்தான் வந்தது. 1947-லிருந்து அதையே வைத்திருந்த கனடிய ரேஞ்சர்களே (வடக்குப் பகுதிகளில் காவல் பார்க்கும் ராணுவ ரிசர்வ் படை) 2018-ல் சி-19 என்ற புதுத் துப்பாக்கிக்கு மாறத் தொடங்கிவிட்டார்கள். சி-19 யார்? என் ஃபின்லாந்துத் துப்பாக்கி டிக்கா டி3எக்ஸுக்கு உடன்பிறப்பு. வெள்ளைக்கரடி நடமாடும் ஊரில் இருப்பவர்களே கைவிட்டதை ஒன்டாரியோ காட்டுக்குத் தூக்கிப் போவது வெறும் பந்தா.

லாங்பிராஞ்ச்43:
அந்த "ஒருவர்" நான்தான் தம்பி. பெயர் சொல்லியே திட்டலாம். ரேஞ்சர்கள் மாற்றியது துவக்கு சரியில்லை என்று அல்ல. உதிரிப் பாகம் கிடைக்கவில்லை. அவ்வளவுதான். என்னுடையதில் 'லாங் பிராஞ்ச் 1943' என்று குத்தியிருக்கிறது. நம் டொராண்டோவை ஒட்டிய ஏரிக்கரையில் செய்த சாமான். இன்றைக்கும் 180 கிரெயின் (ஏறக்குறைய 12 கிராம்) ரவை போட்டால் மூஸ் அதே இடத்தில் படுக்கும். உன் டிக்கா 80 வருஷம் கழித்து எங்கே இருக்கும் என்று பார்ப்போம்.

டிக்காகாரன்:
ரவை போட்டால் உப்புமாதான் வரும் அண்ணே. தோட்டா என்று சொல்லுங்கள், நாலு பேருக்குப் புரியும்.

லாங்பிராஞ்ச்43:
எங்கள் ஊரில் துவக்கு, ரவை என்றுதான் சொல்வோம். உனக்குப் புரியாவிட்டால் அது என் தவறில்லை. நான் சொன்னதற்குப் பதில் எங்கே? உதிரிப் பாகம்.

பனிக்காடு:
சண்டைக்கு முன்னால் ஒரு கேள்வி. 303 பழசு, டிக்கா புதுசு என்கிறீர்களே, 'புதுசு' என்று எதைச் சொல்கிறீர்கள்? இரண்டுமே ஒவ்வொரு தடவையும் கையால் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் தாழ்) இழுக்கும் ரகம்தானே, ஜெர்மனியின் மவுசர் 1898-லேயே முடித்துவைத்த வேலை. தோட்டாவைச் சொல்கிறீர்களா, குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பையா, துப்பாக்கியின் கட்டை மரமா பிளாஸ்டிக்கா என்பதையா?

லாங்பிராஞ்ச்43:
லீயை மவுசரோடு சேர்க்காதீர்கள். லீயில் போல்டை மூடும்போதுதான் சுடும் ஊசியின் ஸ்பிரிங் ஏறும், மவுசரில் திறக்கும்போதே ஏறிவிடும். இதுகூடத் தெரியாமல் கேள்வி கேட்க வந்துவிடுகிறார்கள்.

டிக்காகாரன்:
சரி, ஸ்பிரிங் பாடம் முடிந்ததா? உங்கள் 303 நாலு கிலோ. என் டிக்கா மூன்றுக்கும் கீழே. நாள் முழுக்கச் சதுப்பில் முழங்கால் புதைய நடந்துவிட்டு வந்து பேசுங்கள். மழையில் ஊறினால் மரக்கட்டை வீங்கும், குழலை ஒரு பக்கம் தள்ளும், காலையில் வைத்த குறி மாலையில் இருக்காது. என் கட்டை பிளாஸ்டிக், நனைந்தால் துடைத்துக்கொள்வேன். 100 கஜத்தில் மூன்று தோட்டாவும் ஒரு அங்குலத்துக்குள் என்று டிக்கா உத்தரவாதமே தருகிறது. அதனால்தான் ரேஞ்சர்கள்...

லாங்பிராஞ்ச்43:
ரேஞ்சர்கள், ரேஞ்சர்கள்! அவர்களுடைய சி-19-ன் கட்டை எதனால் ஆனது? மரம்! சிவப்புச் சாயம் ஏற்றிய ஒட்டுமரம். அதிலும் வெடிப்பு விழுந்தது என்று செய்தி வந்ததே, படிக்கவில்லையா? பழைய 303-ஐ வைத்துக்கொள்ளலாம் என்றதும் எத்தனை ரேஞ்சர்கள் வீட்டுக்கே கொண்டுபோனார்கள்! கைவிட்ட லட்சணம் அதுதானா?

ஒரு அங்குலக் கதையும் என்னிடம் வேண்டாம். போன அக்டோபரில் வேட்டைக்குப் போனபோது வட ஒன்டாரியோவில் டெமாகமி பக்கம் என்ன நடந்தது? இரவு நடுங்கிக்கொண்டே டிக்காவைக் கேபினுக்குள் கொண்டுவந்து அடுப்புக்குப் பக்கத்தில் சாத்தியவர் யார்? நான் என் துவக்கை வெளியே கொட்டகையில்தான் வைத்தேன். குளிரில் கிடந்ததைச் சூட்டுக்குள் கொண்டுவந்தால் கண்ணாடியெல்லாம் ஈரம் பூக்கும், அது துடைத்தால் போகிற ஈரம் இல்லை. காலையில் வெளியே வந்ததும் ஸ்கோப்பின் மேல் அது அப்படியே உறைந்துவிட்டது. அறுபது மீட்டரில் மூஸ் நிற்கிறது, தம்பி கையுறையால் ஸ்கோப்பைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறார். என்னுடையதில் இரும்புக் குறிதான், ஓட்டையில் ஊதினேன், சுட்டேன்.

டிக்காகாரன்:
இந்தக் கதையை எத்தனையாவது தடவை சொல்கிறீர்கள் அண்ணே? அறுபது மீட்டரில் கல்லால் எறிந்தாலும் படும். 250 மீட்டரில் நின்றிருந்தால்? அப்புறம், அந்த மூஸை வெட்டி நாலு நடை சுமந்தது யார், ஈரலைத் தனியாகக் கட்டி எடுத்துப்போனது யார் என்பதையும் எழுதுங்கள்.

லாங்பிராஞ்ச்43:
மூஸ் சுடும் அனுமதிச் சீட்டு, டேக், என் பெயரில் விழுந்தது. ஈரல் எனக்குத்தான்.

நெய்வேலிமைந்தன்:
1926-ல் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட், ருத்ரபிரயாகின் ஆட்கொல்லிச் சிறுத்தையைச் சுட்டது 275 ரிக்பியால். மவுசரின் 7x57 தோட்டாவுக்கு இங்கிலாந்தில் வைத்த பெயர்தான் அது. அப்புறம், உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தினத்தில்தான் 303-க்கு விடை கொடுத்தது. ஊரில் நமக்கு 1972 வனவிலங்குச் சட்டமும் அதன் திருத்தங்களும் வந்த பிறகு வேட்டையே கிடையாது, இதையெல்லாம் படித்துத் திருப்திப்பட வேண்டியதுதான்.

டிக்காகாரன்:
பார்த்தீர்களா, உ.பி. போலீசும் கைவிட்டது!

லாங்பிராஞ்ச்43:
அவர்கள் என்ன மூஸா சுட்டார்கள்? நான் ரேஞ்சர்களைப் பற்றிப் பேசுகிறேன். உதிரிப் பாகம்.

பனிக்காடு:
என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

டிக்காகாரன்:
உதிரிப் பாகம் என்றதும்தான் ஞாபகம் வருகிறது அண்ணே. உங்கள் 303-க்கு எக்ஸ்ட்ராக்டர் (சுட்ட தோட்டாக்கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி) ஸ்பிரிங் வேண்டும் என்று ஜனவரியில் இங்கேதானே ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தீர்கள், கிடைத்ததா?

லாங்பிராஞ்ச்43:
அது வேறு விஷயம்.

டிக்காகாரன்:
எப்படி வேறு?

லாங்பிராஞ்ச்43:
துவக்கில் பிழை இல்லை, பாகம்தான் கிடைக்கவில்லை. முதலிலிருந்து இதைத்தானே சொல்கிறேன்! இந்த வருஷமும் என் வான் வண்டியில்தான் வரப்போகிறாய் என்றால் பெட்ரோல் காசைக் கையோடு கொண்டு வா. போன வருஷத்துப் பாக்கியையும் சேர்த்து.