உதவி: விளையாட்டு வரைபடத்தைக் கையால் வரைய நல்ல செயலி எது?

வணக்கம். 1981இல் வந்த விசர்ட்ரி என்ற நிலவறைக் கணினி விளையாட்டை இப்போதுதான் விளையாடத் தொடங்கியிருக்கிறேன். நிலவறையின் முழு வரைபடமும் இணையத்தில் கிடைக்கிறது. எனக்கு அது வேண்டாம், நானே வரையவேண்டும். பெங்களூரு அவென்யூ ரோட்டில் கிராஃப் தாள் வாங்கினேன், பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வுக்குப் பிறகு முதன்முறையாக. கீழ்த்தளம் ஒன்றில் தாள் முடிந்தும் பாதை கிழக்கே போய்க்கொண்டே இருந்தது. இன்னொரு தாளை ஒட்டினேன். அதிலும் முதல் தாளில் பார்த்த அறை போலவே ஒன்று வந்தது.

வைட்ஃபீல்டுக்கு மெட்ரோவில் போகும்போது விளையாடுவதால் தாளை விரிக்க முடியாது. டேப்லெட்டில் ஓவியச் செயலி ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். விரலால் இழுக்கும் கோடு கட்டத்தில் நிற்பதில்லை. வண்டி பிரேக் போட்டால் சுவர் அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடுகிறது. எதில் வரையலாம்?

பதில் 1:
கணினி என்றால் கிரிட் கார்ட்டோகிராஃபர். இந்த வகை விளையாட்டுக்கென்றே எழுதியது. சுவர், கதவு, ரகசியக் கதவு, படிக்கட்டு எல்லாவற்றுக்கும் குறியீடு உண்டு. நின்றுகொண்டு போகிறவருக்கு அது சரிப்படாது.

பதில் 2:
தம்பி, தனிச் செயலியே வேண்டாம். கூகுள் ஷீட்ஸைத் திறந்து, நெடுவரிசைகளின் அகலத்தைக் குறைத்துக் கட்டங்களைச் சதுரமாக்குங்கள். கட்டத்தின் விளிம்புக் கோடுதான் சுவர். ஒரு தளத்துக்கு ஒரு ஷீட். இடப்பக்கம் இடம் போதவில்லையா, ஒரு நெடுவரிசையைச் செருகினால் படம் மொத்தமும் நகர்ந்து வழிவிடும். தாளில் இது நடக்குமா? பொறி இருக்கும் கட்டத்தில் குறிப்பும் எழுதி வைக்கலாம்.

பதில் 3:
எழுத்தாலேயே விளையாடும் ஸோர்க் போன்றவற்றுக்குக் கட்டம் போடும் இந்த முறை உதவாது. அங்கே வடக்கே போய்த் தெற்கே திரும்பினால் பழைய அறைக்கே வருவோம் என்ற உறுதி இல்லை. அறையைப் பெட்டியாகவும் வழியைக் கோடாகவும் போடும் டிரிஸ்பார்ட் அதற்கு ஏற்றது. உலாவியிலேயே ஓடும் வடிவமும் இருக்கிறது.

பதில் 4:
எல்லாரும் செயலியைப் பற்றியே பேசுகிறீர்கள். தம்பி, அந்த 'அதே போன்ற' அறை அதே அறைதான்! விசர்ட்ரியில் ஒரு தளம் 20க்கு 20 கட்டம், அவ்வளவுதான். கிழக்கு விளிம்பில் சுவர் இல்லாவிட்டால் நேராக மேற்கு விளிம்பில் வந்து நிற்பீர்கள். சந்தேகமானால் உங்கள் குழுவின் மந்திரவாதியை டுமாபிக் மந்திரம் போடச் சொல்லுங்கள். கோட்டைக்கு ஏறும் படிக்கட்டிலிருந்து கிழக்கே எத்தனை கட்டம், வடக்கே எத்தனை கட்டம், எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறீர்கள் என்பதைச் சொல்லிவிடும். சில கட்டங்களில் கால் வைத்தாலே முகம் வேறு திசைக்குத் திரும்பிவிடும், அறிவிப்பே இருக்காது. நான் அங்கே ஏமாந்து ஒரு தளம் முழுவதையும் பக்கவாட்டில் வரைந்திருக்கிறேன்.

கேட்டவர்:
அண்ணா, எண்ணிப் பார்த்தேன். இரண்டாம் தாள் முழுக்க முதல் தாளின் மேற்குப் பக்கம்தான், ஒரு கட்டம் பிசகாமல். ஒரே பாதையை இரண்டு முறை வரைந்துவிட்டு, அதில் ஒன்றுக்கு 'புதிய பகுதி' என்று சிவப்பு மையில் பெயரும் வைத்திருந்தேன். ஷீட்ஸில் 20 நெடுவரிசை, 20 வரிசை போட்டு மீதியை அழித்துவிட்டேன். பசை போட்டு ஒட்டிய தாளை இனி பிரிக்கத்தான் முடியவில்லை.