அடினாய்டு ஆபரேஷன்: சுரண்டியதா, கரைத்ததா?

மதுரை அம்மா:
அடினாய்டு என்பது மூக்குக்குப் பின்னால், தொண்டையின் மேல்பகுதியில் இருக்கும் சதை. அது பெருத்துக் குறட்டை விட்ட மூத்தவனுக்கு ஐந்து வயதில் செய்தது பழைய முறை. க்யூரெட் என்ற வளைந்த கருவியை வாய் வழியாக அண்ணத்துக்குப் பின்னால் விட்டு, சதையைச் சுரண்டி எடுப்பார்கள். அந்த இடம் நேராகக் கண்ணுக்குத் தெரியாது, கைப்பழக்கம்தான். அப்புறம் துணி வைத்து அழுத்தி ரத்தத்தை நிறுத்துவார்கள். நாலைந்து நாள் கழித்து ஒரு ராத்திரி குறட்டையே இல்லை. எனக்குத்தான் பயம், மூக்கடியில் விரலை வைத்து வைத்துப் பார்த்தேன்.

இரண்டு வருடத்தில் குறட்டை திரும்பிவிட்டது. மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தால், மூக்கின் பின்வாசலை ஒட்டி மிச்சம் நின்ற சதை வளர்ந்திருந்தது. க்யூரெட் சரியாக எட்டாத மூலை.

அதனால் மகளுக்குக் கோப்ளேஷன். உப்பு நீரும் ரேடியோ அலை மின்சாரமும் சேர்ந்து சதையைக் கரைக்கிற குச்சி. எண்டோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே செய்தார்கள். சூடு 40 முதல் 70 டிகிரிதானாம். ரத்தம் குறைவு, பில் அதிகம். அந்தக் குச்சியை ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தக் கூடாதாம். ஒரு வாரம் வாய் நாறியது. அது சகஜம் என்று முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சீழ் பிடித்துவிட்டதோ என்று தவித்துப்போனேன்.

தியேட்டர் நர்ஸ்:
அக்கா, க்யூரெட்டை அப்படி ஒதுக்கிவிட முடியாது. எங்கள் டாக்டர் முதலில் அதால் பெரிய சதையை எடுப்பார். பிறகு எண்டோஸ்கோப்பில் பார்த்து, மூலையில் நிற்பதை மைக்ரோடிப்ரைடரால் சீவுவார். சுழலும் பிளேடு, சீவியதை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். 1868-ல் கோபன்ஹேகனில் வில்ஹெல்ம் மேயர் என்ற டாக்டர் இந்த நோயை விவரித்த காலத்தில் மூக்கு வழியாக ஒரு வளையக் கத்தி, வாய் வழியாக ஒரு விரல், அவ்வளவுதான்.

கருவியைவிட நான் கவனிப்பது வேறு. தொடங்கும் முன் டாக்டர் அண்ணத்தை விரலால் தடவிப் பார்ப்பார். ஒருமுறை அப்படித் தடவியவர் நிறுத்திவிட்டார். தோலுக்கு அடியில் அண்ணம் பிளந்திருந்தது, உள்நாக்கு நுனியும் இரண்டாக இருந்தது. அண்ணம் சரியாக மூடாத அந்தக் குழந்தைக்கு முழுச் சதையையும் எடுத்தால் பேச்சு மூக்கால் வரும், குடிக்கிற பால்கூட மூக்கில் ஏறலாம். மேல்பக்கம் மட்டும் எடுத்துவிட்டுக் கீழே விட்டுவைத்தார்.

சேலம் அப்பா:
எங்களுக்குக் கத்தி தேவைப்படவில்லை. காதுக்குள் நீர் கோக்கவில்லை, தூக்கத்தில் மூச்சு நிற்கவில்லை. அதனால் மூன்று மாதம் ஸ்டீராய்டு ஸ்பிரே மட்டும். ஏழெட்டு வயதுக்குப் பிறகு சதை தானே சுருங்கும் என்றார் டாக்டர். பையனுக்கு இப்போது ஒன்பது, வாயை மூடித் தூங்குகிறான்.

மதுரை அம்மா:
சிஸ்டர், எங்கள் டாக்டரும் மகள் வாயில் விரலை விட்டுத் தடவினார். எதற்கென்று இப்போதுதான் புரிகிறது. அவள் நறுக்கென்று கடித்துவிட்டாள்.