ஆர்டர் ஆப்ஜெக்டை எக்ஸ்எம்எல் ஆக்கினால் டி1பி1 என்று ஒரு ப்ரீஃபிக்ஸ் ஒட்டிக்கொண்டு வருகிறது

அரைத்தூக்கம் (கேள்வி):

மூன்று நாளாக மல்லுக்கட்டுகிறேன். சி ஷார்ப்பில் ஆர்டர் என்று ஒரு கிளாஸ். அதை எக்ஸ்எம்எல்சீரியலைசர் (ஆப்ஜெக்டை எக்ஸ்எம்எல் ஆக்கித் தரும் கிளாஸ்) மூலம் ஃபைலாக எழுதி எதிர்த்தரப்பு சிஸ்டத்துக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் கொடுத்த எக்ஸ்எஸ்டியில் (ஃபைல் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் ஸ்கீமா) இரண்டு நேம்ஸ்பேஸ் (பெயர்கள் மோதாமல் இருக்க யூஆர்ஐ கொடுத்துப் பிரித்து வைக்கும் குழு). ஒன்று ஆர்டருக்கு. இன்னொன்று 'பொது', எல்லா ஆவணத்துக்கும் சேர்த்து வைத்திருக்கும் ஆட்ரிபியூட்களுக்கு. அதனால் 'மூலம்' என்ற ப்ராப்பர்ட்டிக்கு மட்டும் எக்ஸ்எம்எல்ஆட்ரிபியூட் போட்டு, பொது நேம்ஸ்பேஸைக் கொடுத்தேன். வெளியே வருவது இது. (பெயர்களைத் தமிழாக்கி, யூஆர்ஐயைச் சுருக்கி, சீரியலைசர் தானாகச் சேர்க்கும் எக்ஸ்எஸ்ஐ எக்ஸ்எஸ்டி அறிவிப்புகளை எடுத்துவிட்டுக் காட்டுகிறேன்.)

<ஆர்டர் எக்ஸ்எம்எல்என்எஸ்:டி1பி1="யூஆர்என்:பொது" டி1பி1:மூலம்="இணையம்" எக்ஸ்எம்எல்என்எஸ்="யூஆர்என்:ஆர்டர்">
  <பொருள் எண்="17" அளவு="3" />
  <குறிப்பு எக்ஸ்எம்எல்என்எஸ்="">காலையில் அனுப்பவும்</குறிப்பு>
</ஆர்டர்>

டி1பி1 என்ற பெயரை நான் எங்கேயும் வைக்கவில்லை. எதிர்த்தரப்பு ஃபைலைத் திருப்பி அனுப்புகிறது. பிழைச் செய்தி வேறு விநோதமாக இருக்கிறது: ஆர்டருக்குள் 'குறிப்பு' வரக் கூடாதாம், 'குறிப்பு' வர வேண்டுமாம். எதைத்தான் செய்வது?

பொறுமை போய், ஸ்ட்ரிங் ரீப்ளேஸ் போட்டு 'டி1பி1:' என்பதையே அழித்துப் பார்த்தேன். இப்போது 'மூலம்' என்ற ஆட்ரிபியூட் டிக்ளேர் செய்யப்படவில்லை என்று கூடுதலாக ஒரு பிழை.

சுருக்கமாக (முதல் பதில்):

எக்ஸ்எம்எல்சீரியலைசர்நேம்ஸ்பேசஸ் ஆப்ஜெக்ட் ஒன்றை உருவாக்கி, அதில் ப்ரீஃபிக்ஸும் காலி, யூஆர்ஐயும் காலி என்று ஒரு ஜோடியைச் சேர்த்து சீரியலைஸ் மெத்தடுக்குக் கொடுங்கள். எல்லாக் குப்பையும் போய்விடும்.

அரைத்தூக்கம்:

போட்டுப் பார்த்தேன். எக்ஸ்எஸ்ஐ, எக்ஸ்எஸ்டி இரண்டும் போய்விட்டன. ஆனால் இப்போது ரூட்டே 'க்யூ1:ஆர்டர்' என்று வருகிறது. டி1பி1 அசையவே இல்லை.

பழையகோடு:

அந்தக் காலி-காலி வைத்தியம் நேம்ஸ்பேஸே இல்லாத ஆவணத்துக்கு. உங்கள் ரூட் ஒரு நேம்ஸ்பேஸில் இருக்கிறது. காலி ப்ரீஃபிக்ஸை நீங்கள் காலி யூஆர்ஐக்குக் கொடுத்துவிட்டால் ரூட்டுக்கு வேறு ப்ரீஃபிக்ஸ் தேட வேண்டியிருக்கும் அல்லவா? க்யூ1 வந்தது அப்படித்தான்.

முதலில் ஒன்று: டி1பி1 குற்றவாளி இல்லை. ப்ரீஃபிக்ஸ் என்பது யூஆர்ஐக்கு அந்த ஃபைலுக்குள் வைக்கிற செல்லப்பெயர். அதை 'பொது' என்றாலும் 'அ' என்றாலும் டி1பி1 என்றாலும் பார்சருக்கு ஒன்றுதான். அது பார்ப்பது யூஆர்ஐயை மட்டும். நீங்கள் பெயர் எதுவும் கொடுக்காததால் எக்ஸ்எம்எல்ரைட்டர் தானாக ஒன்றை உருவாக்கிக்கொண்டது. டி1 என்பது எலிமெண்டின் மட்டம். ஒரு படி உள்ளே இருந்திருந்தால் டி2பி1 வந்திருக்கும்.

'ரூட்டுக்கு ப்ரீஃபிக்ஸ் இல்லாமல் சமாளிக்க முடிகிறதே, மூலத்துக்கு மட்டும் ஏன்' என்று அடுத்து கேட்பீர்கள். டீஃபால்ட் நேம்ஸ்பேஸ் (ப்ரீஃபிக்ஸ் இல்லாமல் வெறும் எக்ஸ்எம்எல்என்எஸ் என்று அறிவிப்பது) எலிமெண்டுகளுக்கு மட்டும்தான் பொருந்தும், ஆட்ரிபியூட்களுக்குப் பொருந்தாது. 1999இல் வந்த நேம்ஸ்பேஸ் பரிந்துரையிலேயே இருக்கிற விதி இது. ப்ரீஃபிக்ஸ் இல்லாத ஆட்ரிபியூட் எந்த நேம்ஸ்பேஸிலும் இல்லை, அவ்வளவுதான். உங்கள் 'எண்', 'அளவு' இரண்டும் அப்படிப்பட்டவை. ஸ்கீமாவில் ஆட்ரிபியூட்ஃபார்ம்டீஃபால்ட் எதுவும் சொல்லாவிட்டால் அன்குவாலிஃபைட், அதாவது நேம்ஸ்பேஸ் இல்லாதது என்றுதான் அர்த்தம், எனவே அவை சரி. 'மூலம்' பொது ஸ்கீமாவில் குளோபலாக அறிவிக்கப்பட்டது என்பதால் அதற்கு ப்ரீஃபிக்ஸ் கட்டாயம். நீங்கள் ரீப்ளேஸ் போட்டு அதைப் பிடுங்கியதும் அது வேறு ஆட்ரிபியூட் ஆகிவிட்டது. டிக்ளேர் ஆகவில்லை என்று வந்த பிழை நியாயமானது.

இப்போது உண்மையான கோளாறு. பிழைச் செய்தியை மறுபடி, கடைசி வரை படியுங்கள். வரக் கூடாது என்பது நேம்ஸ்பேஸ் இல்லாத குறிப்பை. வர வேண்டும் என்பது யூஆர்என்:ஆர்டரில் உள்ள குறிப்பை. பெயர் ஒன்று, ஆள் வேறு. நீங்கள் காட்டிய மூன்றாவது வரியில் எக்ஸ்எம்எல்என்எஸ்="" என்று இருக்கிறதே, 'எனக்கு மேலே இருக்கும் டீஃபால்ட் என்னைச் சேராது' என்று அந்த எலிமெண்ட் கைகழுவுகிறது. கிளாஸில் உள்ள சாதாரண ப்ராப்பர்ட்டியாக இருந்தால் இது வராது. குறிப்பை எப்படி உருவாக்குகிறீர்கள்?

அரைத்தூக்கம்:

ஐயோ. அது எக்ஸ்எலிமெண்ட் (எக்ஸ்எம்எல் எலிமெண்டைக் கோடிலேயே நேரடியாகக் கட்டும் கிளாஸ்) வகை ப்ராப்பர்ட்டி, மேலே எக்ஸ்எம்எல்எனிஎலிமெண்ட் போட்டிருக்கிறேன். வேறொரு இடத்தில் எழுதிய கோடை அப்படியே ஒட்டினேன். அங்கே வெறும் 'குறிப்பு' என்றுதான் பெயர் கொடுத்திருக்கிறேன்.

பழையகோடு:

அதேதான். எக்ஸ்எலிமெண்டுக்குப் பெற்றோரின் நேம்ஸ்பேஸ் தானாக வராது. பெயரில் என்ன இருக்கிறதோ அதுதான். யூஆர்ஐயை எக்ஸ்நேம்ஸ்பேஸ் வேரியபிளில் வைத்து, அதோடு 'குறிப்பு' என்ற பெயரைக் கூட்டிக் கொடுங்கள். உள்ளே குழந்தை எலிமெண்டுகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் கூட்ட வேண்டும். எக்ஸ்ஆட்ரிபியூட்டுக்கு மட்டும் கூட்டிவிடாதீர்கள், மேலே சொன்ன அதே காரணம்தான்.

நேம்ஸ்பேசஸ் ஆப்ஜெக்டில் இரண்டு ஜோடி போதும்: காலி ப்ரீஃபிக்ஸுக்கு யூஆர்என்:ஆர்டர், 'பொது' என்ற ப்ரீஃபிக்ஸுக்கு யூஆர்என்:பொது. டி1பி1 போய்விடும், கண்ணுக்கும் நிம்மதி. யூஆர்ஐயைக் கையால் அடிக்காமல் எக்ஸ்எஸ்டியிலிருந்து காப்பி செய்யுங்கள். ஒப்பீடு எழுத்துக்கு எழுத்து நடக்கும். கடைசியில் ஒரு சாய்கோடு கூடிப்போனதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு நாள் போனது. கேபிடல் எழுத்து மாறினாலும் அது வேறு நேம்ஸ்பேஸ்.

இரவுப்பணி:

நடுவில் ஒன்று. 'அளவு' என்பதை நல்லபிள் இன்ட் (மதிப்பே இல்லாமலும் இருக்கக்கூடிய எண்) ஆக்கும் எண்ணம் உண்டா? இருந்தால் அடி வாங்குவீர்கள். எக்ஸ்எம்எல்ஆட்ரிபியூட்டை நல்லபிள் வகைக்குப் போட்டால் சீரியலைசரை உருவாக்கும் வரியிலேயே எக்ஸெப்ஷன். சாதாரண இன்ட்டாக வைத்து, பக்கத்திலேயே பூலியன் ஒன்று, பெயர் 'அளவு' என்பதோடு ஸ்பெசிஃபைட் என்ற சொல் சேர்த்து வையுங்கள். அதற்கு எக்ஸ்எம்எல்இக்னோர் போடுங்கள். அது ஃபால்ஸ் என்றால் ஆட்ரிபியூட் எழுதப்படாது.

அப்புறம், சீரியலைசரை ஒவ்வொரு ஆர்டருக்கும் புதிதாக உருவாக்குகிறீர்களா? ரூட் ஆட்ரிபியூட்டை வாங்கும் கன்ஸ்ட்ரக்டர் கேஷ் ஆவதில்லை, கூப்பிடும்போதெல்லாம் புது அசெம்பிளி ஒன்றை உருவாக்கும். மெமரி ஏறிக்கொண்டே போகும். ஸ்டாட்டிக்காக ஒரு தடவை உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அரைத்தூக்கம்:

குறிப்புக்கு நேம்ஸ்பேஸைக் கூட்டியதும் ஃபைல் உள்ளே போய்விட்டது. நன்றி. டி1பி1ஐ வேண்டுமென்றே விட்டு வைத்துத்தான் முதலில் அனுப்பினேன், பழையகோடு சொன்னது சரியா என்று பார்க்க. பார்சர் ஒன்றும் சொல்லவில்லை. அரை மணி நேரத்தில் எதிர்த்தரப்பிலிருந்து ஒரு மனிதர் மெயில் போட்டார்: 'டி1பி1 என்றால் என்ன?' இப்போது அதையும் 'பொது' என்று மாற்றிவிட்டேன். அளவை நாளை நல்லபிள் ஆக்குவதாகத்தான் இருந்தேன், இனி அந்த ஸ்பெசிஃபைட் வழியில் போகிறேன்.