நெப்டியூனை நெய்தற்கோள் என்று சொல்லலாமா?

பொருள்: நெய்தற்கோள் – கருத்து தேவை

குழுவினருக்கு வணக்கம்.

பள்ளி மாணவர்களுக்கான வானியல் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். சனி வரை தடையில்லாமல் ஓடியது. நெப்டியூனுக்கு வெளியே சுற்றும் பனிக்கட்டி உலகங்களை மூலத்தில் ‘டிரான்ஸ்-நெப்டியூனியன் ஆப்ஜெக்ட்’ என்று மொத்தமாகக் குறிக்கிறார்கள். அந்த இடத்தில் நின்றுவிட்டேன்.

நெப்டியூனுக்கே ஒரு தமிழ்ப் பெயர் இருந்தால் மற்றதெல்லாம் எளிதாகிவிடும் என்று தோன்றியது. நெய்தற்கோள் எப்படி? நெப்டியூன் ரோமானியர்களின் கடல் தெய்வம். நமக்கு நெய்தல் என்றால் கடலும் கடல் சார்ந்த இடமும். நெய்தல் பூவின் நிறம் நீலம். வாயேஜர் 2 விண்கலம் 1989இல் அனுப்பிய படங்களில் நெப்டியூனும் ஆழ்ந்த நீலம். தொன்மமும் நிறமும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. சீனர்கள் ‘கடலரசன்’ என்று பொருள்படத்தான் அதை அழைக்கிறார்கள். இந்தியில் வருணன். நாம் மட்டும் ஏன் ஒலிபெயர்த்துக்கொண்டு இருக்க வேண்டும்?

---

பொருள்: மறு: நெய்தற்கோள் – கருத்து தேவை

> தொன்மமும் நிறமும் ஒரே சொல்லில் அடங்குகின்றன.

அழகான சொல். படித்ததும் எனக்கும் ஆசை வந்தது. ஆனாலும் வேண்டாம் என்றே சொல்வேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நிறம். வாயேஜர் படங்களில் மேகங்கள் துலக்கமாகத் தெரிவதற்காக நீலத்தைக் கூட்டியிருந்தார்கள். 2024 ஜனவரியில் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் உண்மை நிறத்தைக் கணக்கிட்டுக் காட்டினார்கள்: வெளிறிய பசுநீலம். யுரேனஸும் ஏறக்குறைய அதே நிறம்தான், நெப்டியூன் ஒரு பொட்டு கூடுதல் நீலம். ஆக, நெய்தல் பூ பாதி வாடிவிட்டது.

அடுத்தது தொன்மம். மேற்கத்தியர் ஆதியிலிருந்தே கோள்களைத் தெய்வப் பெயரால் அழைத்தார்கள் என்று நினைக்கிறோம். கிரேக்கத்தில் தோற்றத்தை வைத்தும் பெயர்கள் இருந்தன. செவ்வாய்க்குப் பைரோயிஸ், அதாவது தீப்போன்றது. புதனுக்கு ஸ்டில்போன், மினுங்குவது. வெள்ளிக்கு விடியலில் ஒரு பெயர், அந்தியில் ஒரு பெயர். கோள்களைத் தெய்வங்களோடு சேர்த்துப் பார்த்தவர்கள் பாபிலோனியர்கள். அவர்களுடைய இஷ்தார் கிரேக்கத்தில் அஃப்ரோடைட்டி ஆனாள், நெர்கால் ஏரிஸ் ஆனான், மர்துக் சியூஸ் ஆனான். அவற்றை ரோமானியர்கள் வீனஸ், மார்ஸ், ஜூப்பிட்டர் என்று தம் தெய்வங்களாக்கிக்கொண்டார்கள். நாமும் கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் வெள்ளி என்றோம், செவ்வாய் என்றோம். சனியைக் கபிலர் புறநானூற்றில் ‘மைம்மீன்’ என்கிறார். மைம்மீன் புகைந்தாலும் பாரியின் நாட்டில் மழை பொய்க்காது என்று வரும் இடம். சிலம்பில் அதுவே ‘கரியவன்’.

நெப்டியூனுக்கு அந்த வாய்ப்பே கிடையாது. வெறுங்கண்ணுக்கு அது தெரியாது. அது எங்கே இருக்கும் என்று பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே பாரிஸில் போட்ட கணக்கை வைத்துக்கொண்டு, 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் வானியலாளர் காலே தேடினார். கணக்கு சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் கிடைத்தது. பிறகு பெயர்ச் சண்டை. காலே ஜேனஸ் என்றார். இங்கிலாந்தில் சாலிஸ் ஓஷியானஸ் என்றார். லெ வெரியே முதலில் நெப்டியூன் என்று சொல்லிவிட்டு, அப்புறம் தன் பெயரையே வைக்க ஆசைப்பட்டார் (யாருக்குத்தான் ஆசை இருக்காது). ஆண்டு முடிவதற்குள் ரஷ்யாவிலிருந்து ஸ்ட்ரூவே நெப்டியூனை ஆதரிக்க, அது நிலைத்தது.

இது குடும்ப மரத்தில் ஏற்கெனவே இருந்த கிளை. 1781இல் யுரேனஸைக் கண்டுபிடித்த ஹெர்ஷல் அதற்கு இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரைச் சூட்டினார். ஜெர்மன் வானியலாளர் போடே மறுத்து, ஜூப்பிட்டரின் தந்தை சாட்டர்ன், சாட்டர்னின் தந்தை யுரேனஸ், எனவே சனிக்கு அடுத்த கோள் யுரேனஸ் என்றார். அவசரத்தில் ரோமப் பெயரான கேலஸை விட்டுவிட்டுக் கிரேக்கப் பெயரை எடுத்துக்கொண்டார்கள் என்பது வேறு கதை. நெப்டியூன் சாட்டர்னின் மகன், ஜூப்பிட்டரின் அண்ணன் தம்பி முறை. இந்த உறவெல்லாம் தமிழுக்கு வந்ததும் அறுந்துவிடும். நம் கதையில் சனி சூரியனுக்கு மகன், வியாழன் தேவர்களுக்குக் குரு. இவர்களுக்குப் பக்கத்தில் நெய்தலை எந்த முறையில் உட்கார வைப்பது?

> இந்தியில் வருணன்.

இந்தியை மாதிரியாக எடுக்காதீர்கள். அங்கே யுரேனஸுக்கு அருண். ஒலி ஒத்துப்போகிறது, சரி. ஆனால் அருணன் சூரியனின் தேரோட்டி. சூரியனிலிருந்து, பூமி இருக்கும் தூரத்தைப்போல் 19 மடங்குக்கு அப்பால் நின்று எப்படித் தேர் ஓட்டுவான்? வருணனோ தொல்காப்பியத்திலேயே நெய்தலுக்குத் தெய்வம், அந்த வகையில் உங்கள் பெயருக்கும் உறவுக்காரன். ஆனால் 2000இல் கண்டுபிடித்த ஒரு வான்பொருளுக்கு வருணா என்று பெயர் வைத்தாயிற்று. அதுவும் நீங்கள் தமிழாக்கத் திணறும் அதே கூட்டத்தைச் சேர்ந்தது!

கடைசியாக ஒன்று, எனக்கு முக்கியமானது. யுரேனியம், நெப்டூனியம், புளூட்டோனியம்: அணு எண் 92, 93, 94. யுரேனஸ், நெப்டியூன், புளூட்டோ என்ற அன்றைய கோள் வரிசையிலேயே தனிமங்களுக்கும் பெயர். பிள்ளைகள் ஒருநாள் இதைத் தாங்களே கண்டுபிடித்துக் குதிப்பார்கள். நெய்தற்கோள் என்று வைத்தால் அந்தக் கயிறு போய்விடும். நெப்டியூனின் நிலா டிரைட்டன், அந்தக் கடல் தெய்வத்தின் மகன். அவனும் அநாதையாவான்.

நெப்டியூன் நெப்டியூனாகவே இருக்கட்டும். ‘நெப்டியூன் கடந்த பொருள்’ என்று எழுதுங்கள்.

---

பொருள்: மறு: மறு: நெய்தற்கோள் – கருத்து தேவை

‘கடந்த’ வேண்டாமே. ஏதோ ஒன்று நெப்டியூனைத் தாண்டிப் போய்விட்ட மாதிரி கேட்கிறது. புளூட்டோவும் இந்தக் கூட்டம்தான். 1979 முதல் 1999 வரை அது நெப்டியூனைவிடச் சூரியனுக்கு அருகில் இருந்தது. அப்போது அதைக் ‘கடக்காத பொருள்’ என்பீர்களா? சராசரித் தொலைவுதான் கணக்கு என்பதால் ‘அப்பால்’ பொருந்தும். அப்பால் + பொருள் = அப்பாற்பொருள்.

---

பொருள்: மறு: மறு: மறு: நெய்தற்கோள் – கருத்து தேவை

இருவருக்கும் நன்றி. நெய்தற்கோளை மனமில்லாமல் திரும்பப் பெறுகிறேன். டிரைட்டனைக்கூடச் சமாளித்திருப்பேன், 92, 93, 94இல் தோற்றேன்.

அப்பாற்பொருள் பிடித்திருக்கிறது. ஆனால் தனியாக நின்றால் சைவக் காதுக்குக் கடவுளைச் சொல்வதுபோல் ஒலிக்கிறது. என் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன், “எந்தக் கோயில் பதிகம்?” என்றார். அதனால் ‘நெப்டியூனப்பால் வான்பொருள்’ என்று எல்லா இடத்திலும் முழுதாகவே எழுதப்போகிறேன். பட்டியல் தலைப்புகளில் இடம் பற்றாதபோது மட்டும் ‘அப்பால் வான்பொருள்’.

ஒன்றுதான் பாக்கி. ‘நெப்டியூனப்பால்’ என்று சேர்த்து எழுதினால் ஏழாம் வகுப்புப் பிள்ளை வாசித்துவிடுமா, இல்லை ‘நெப்டியூன் அப்பால்’ என்று பிரித்துவிடவா? வகுப்பில் பாடம் எடுப்பவர்கள் சொல்லுங்கள், அச்சுக்குப் போக இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.