கலைச்சொல் உதவி: எக்லிப்ஸ் இயலில் 'டிஸ்டன்ஸ்டு'

குழுவினருக்கு வணக்கம்.

கால்நடை மருத்துவ மாணவர்களுக்கான வரலாற்று நூலொன்றில், எக்லிப்ஸ் என்ற பந்தயக் குதிரையைப் பற்றிய இயலை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டிய நிலையில் ஒரு சொல் மட்டும் அகப்படவில்லை.

1764 ஏப்ரல் 1 அன்று, சூரிய கிரகணத்தின்போது பிறந்து அப்பெயர் பெற்ற இக்குதிரை, 1769 மே 3 அன்று இங்கிலாந்தின் எப்சம் திடலில் முதன்முதலாகப் பந்தயத்தில் ஓடியது. அக்காலப் பந்தயங்கள் பல, ஒரே ஓட்டத்தில் முடிவதில்லை. நான்கு மைல் ஓடிய குதிரைகளே சற்று இளைப்பாறிவிட்டு மறுபடியும் அதே நான்கு மைலை ஓட வேண்டும். வெற்றிக்கம்பத்துக்கு 240 கெஜம் முன்னால் இன்னொரு கம்பம் நிற்கும். முதற்குதிரை வெற்றிக்கம்பத்தைக் கடக்கும் நொடியில் இந்த முன்கம்பத்தை எட்டியிராத குதிரை 'டிஸ்டன்ஸ்டு' எனப்படும். அதற்கு அடுத்த ஓட்டமும் இல்லை, நடுவர் பட்டியலில் இடமும் இல்லை. எப்சமில் இரண்டாம் ஓட்டத்துக்கு முன், எக்லிப்ஸ் முதலிடம், மற்றவற்றுக்கு இடமே இல்லை என்று டென்னிஸ் ஓகெல்லி என்ற சூதாடி பணயம் வைத்ததன் நுட்பம் இவ்விதியில்தான் இருக்கிறது. அவர் சொன்னபடியே நடந்தது. 'தகுதியிழந்தது' என்று எழுதினால், விதிமீறலுக்காக விலக்கப்பட்டதுபோல் ஒலிக்கிறது. உதவுங்கள்.

---

ஐயா,

இதற்குரிய சொல் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. 'தொலைவு' என்பதற்குத் தூரம், தோல்வி, அழிவு ஆகிய பொருள்கள் அகராதியிலேயே உண்டு. ஆங்கிலேயர் தூரத்தைக் குறிக்கும் பெயரை வினையாக்கித் தோல்விக்கு ஆண்டார்கள்; நமக்கோ இரண்டு பொருளும் ஒரே சொல்லில் அமைந்திருக்கின்றன. ஆகவே குதிரை 'தொலைந்தது', முன்கம்பம் 'தொலைத்தறி'. கட்டுத்தறி இருக்கும்போது, வடமொழித் தொடர்புடைய 'கம்பம்' எதற்கு? மலைபடுகடாம் 'தொலையா நல்லிசை' என்கிறது. ஓடிய 18 பந்தயங்களில் ஒன்றிலும் தோற்காத எக்லிப்ஸைத் 'தொலையாப் புரவி' என்றே இயலுக்குத் தலைப்பிடலாம்.

---

மலைபடுகடாத்தில் அந்த அடை இசைக்கு, அதாவது புகழுக்கு வருகிறது. அழியாத புகழ் என்பதே அங்குப் பொருள். பந்தயத் தோல்விக்கு அதைச் சான்றாக்க இயலாது. அதைவிடப் பெரிய இடர், 'ஏனைய குதிரைகள் தொலைந்தன' என்று படிக்கும் இன்றைய மாணவர், அவை காணாமற்போயின என்றே கொள்வார் என்பது. தூய்மைக்காகப் பொருளைப் பலிகொடுக்கலாகாது. 'பின்தங்கியது' என்பதும் போதாது. இரண்டாவதாக வந்த குதிரையும் பின்தங்கியதுதான். 'எல்லை எட்டாதது' என்பதை முன்மொழிகிறேன். முன்கம்பம் 'எல்லைக்கம்பம்' ஆகட்டும்.

---

சொல்லைத் தேடும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள். வரைவில் 'தரோபிரெட்' என்ற பந்தயக் குதிரை இனத்தின் பெயரைத் 'தூயகுருதிக் குதிரை' என்று எழுதியிருக்கிறீர்கள். டார்லி அரேபியன் என்ற கிழக்கத்திய ஆண்குதிரையின் நேர் ஆண்வழியில் வந்த மார்ஸ்குக்குப் பிறந்தது எக்லிப்ஸ். அந்த இனமே இங்கிலாந்தின் பெண்குதிரைகளோடு கீழைநாட்டு ஆண்குதிரைகளைக் கலந்து உருவாக்கப்பட்டது. கலப்பில் பிறந்ததைத் தூயகுருதி என்பது கால்நடை மருத்துவ மாணவருக்குப் பிழையான பாடம். 'தரோபிரெட்' என்றே இருக்கட்டும். முன்சொன்ன சிக்கலுக்கு 'எல்லை எட்டாதது' எனக்கு உடன்பாடு.

---

அனைவருக்கும் நன்றி. பெரும்பாலோர் இசைவதாலும் நாள் நெருங்குவதாலும் 'எல்லை எட்டாதது', 'எல்லைக்கம்பம்' ஆகியவற்றையே இடுகிறேன். முதலில் வரும் இடத்தில் 240 கெஜ விதியை ஒரு வரியில் விளக்கிவிடுகிறேன். 'தரோபிரெட்' அப்படியே இருக்கும்.

---

என் மறுப்பைப் பதிவு செய்ய விரும்புகிறேன். எல்லை என்றால் முடிவு. ஓடும் குதிரைக்கு வெற்றிக்கம்பமே எல்லை. முன்கம்பத்தை எல்லைக்கம்பம் என்றால், வெற்றிக்கம்பம் வரை ஓடிமுடிக்காத குதிரையே 'எல்லை எட்டாதது' என்று மாணவர் எண்ணுவார். ஆனால் அது சற்றுத் தாமதமாக முழுத் தொலைவையும் ஓடி முடித்திருக்கவும் கூடும். 'தொலைந்தது' வேண்டாமெனில் 'தொலைவில் தோற்றது' என்றாவது எழுதுங்கள். அடுத்த பக்கத்தில், எதிர்த்து ஓட எவரும் முன்வராததால் எக்லிப்ஸ் தனியாகவே ஓடி வென்ற பந்தயங்கள் வருகின்றன. அந்த 'வாக்கோவருக்கு' இதுவரை யாரும் சொல் தரவில்லை.